அடுப்படிப் பக்கத்து வயர்

இந்த வயர்களை உருவி எடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள். எடுக்கலாம், தம்பி. ஆனால் எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். பைப்புக்குள் ஓட்டிய வயர் இல்லை இது. பூச்சுக்குள்ளேயே வைத்துப் பூசிவிட்டிருக்கிறார்கள். இழுத்தால் சுவர் பிளந்துகொள்ளும். அப்புறம் பூச்சு, பட்டி, பெயிண்ட் என்று நீங்கள் கொத்தனார் பின்னால் அலைய வேண்டும். இந்த அருப்புக்கோட்டையில் சொன்ன நாளில் வேலைக்கு வந்த கொத்தனாரை நான் பார்த்ததில்லை.

அந்த ஸ்டூலில் உட்காருங்கள். மாடிப்படிக்குக் கீழே உள்ள ரூம், நிமிர்ந்தால் தலை இடிக்கும். உங்கள் வீட்டம்மா கிருஷ்ணப்ரியா ஹாலில் சோபா போட இடம் அளந்துகொண்டிருக்கிறார். அவர் முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். வீட்டை வாங்குகிறவருக்கு வீட்டைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மறைத்து விற்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் மிளகாய் வத்தல் கடையிலும் அப்படித்தான். அடியில் சண்டு வத்தலைப் போட்டு மேலே நல்லதைப் பரப்பி நான் ஒரு மூட்டைகூட விற்றதில்லை.

இந்த வயர் நான் போட்டதல்ல. எனக்கு இந்த வீட்டை விற்ற ஆனந்தகுமார் போட்டது. சினிமாப் பைத்தியம் பிடித்த மனிதர். ஹாலையே தியேட்டர் ஆக்கி வைத்திருந்தார். முன்சுவரில் மூன்று ஸ்பீக்கர், மூலையில் அரிசி மூட்டை உயரத்துக்கு ஒரு ஊஃபர், பின்னால் கூரையை ஒட்டி இரண்டு சின்னப் பெட்டி. அந்த இரண்டில் ஒன்று அடுப்படிப் பக்கம், இன்னொன்று சாமி ரூம் பக்கம். கோயம்புத்தூருக்கு மாறிப் போகும்போது டிவியையும் ஆம்ப்ளிஃபயரையும் தூக்கிக்கொண்டு, கழற்றச் சிரமமானதையெல்லாம் விட்டுவிட்டார். "பதிச்சதெல்லாம் வீட்டோட இருக்கட்டும் அண்ணாச்சி" என்றார். ரொம்பத் தாராளமாகத்தான் சொன்னார். தனக்கு ஆகாத வேலையை அடுத்தவன் தலையில் கட்டுகிறவர்கள் எல்லாரும் தாராளமாகத்தான் பேசுவார்கள். இப்போது நான் உங்களிடம் பேசுகிற மாதிரி.

நாங்கள் மூன்று பேர் குடிவந்தோம். அம்மா, நான், தங்கை கஸ்தூரி. அம்மாவுக்கு அப்போதே வலப்பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் விழவில்லை. ஹாலில் கட்டில் போட்டுப் படுத்தபடியே வீட்டை நடத்தினார். கஸ்தூரிதான் அம்மாவைத் தூக்குவாள், குளிப்பாட்டுவாள், துணி மாற்றுவாள், எங்களுக்குச் சமைப்பாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கைக்குக் கல்யாணம் முடியாமல் அண்ணன் கட்டக்கூடாது என்று நானும் கட்டவில்லை. ஊரில் எனக்கு அதில் நல்ல பெயர்.

அம்மாவுக்குப் பல்லி வாக்கு முக்கியம். உங்கள் வீட்டிலும் பார்ப்பீர்கள். பார்க்காத வீடு ஏது. ஆனால் அம்மா அளவுக்குப் பார்க்க மாட்டீர்கள். ஒரு காரியம் பேசும்போது சாமி ரூம் பக்கம் பல்லி சொன்னால் கைகூடும். அடுப்படிப் பக்கம் சொன்னால் ஆகாது, அது அக்கினி மூலை. சொன்னதும் இடது கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு விரலால் தரையைத் தட்டி "கிருஷ்ணா கிருஷ்ணா" என்பார். அதோடு பேச்சு முடிந்தது. மேல் முறையீடு கிடையாது.

நீங்கள் நம்ப வேண்டியது ஒன்றுதான். முதல் தடவை நான் வேண்டுமென்று செய்யவில்லை.

குடிவந்த புதிது. ஆனந்தகுமார் விட்டுப்போனதை வீணாக்குவானேன், ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்கி மாட்டினால் அம்மா படுத்தபடி சுப்ரபாதம் கேட்கலாமே என்று நினைத்தேன். இந்த ரூமில்தான் எல்லா வயரும் இந்த ஓட்டை வழியாக வந்து தொங்கின. எது எந்த ஸ்பீக்கருக்குப் போகிறது என்று ஒரு அடையாளமும் இல்லை. மார்க்கெட்டில் ரேடியோ கடை வைத்திருக்கிறவர் ஒரு வழி சொன்னார். டார்ச் லைட் பேட்டரிக் கட்டை ஒன்றை எடுத்து வயரின் இரண்டு முனையையும் அதில் தொட்டு எடுத்தால், அந்த ஸ்பீக்கரில் மட்டும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். கரண்ட் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் இங்கே நின்று ஒவ்வொரு வயராகத் தொட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் தரகர் பால்ச்சாமி வந்து அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். திருச்சுழி தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிற பையன், நல்ல இடம். வயர் வருகிற ஓட்டை வழியாக ஹாலில் பேசுவது அப்படியே இங்கே கேட்கும். இப்போது உங்கள் வீட்டம்மா டேப்பை இழுப்பது கேட்கிறதே, அதுபோல. "அப்ப இந்த எடத்தையே முடிச்சிருவமா பால்ச்சாமி" என்று அம்மா கேட்டார். நான் ஒரு வயரைத் தொட்டுத் தொட்டு எடுத்தேன். டிக் டிக் டிக்.

ஹாலில் தரையைத் தட்டும் சத்தம். பிறகு அம்மாவின் குரல் கேட்டது.

"கிருஷ்ணா கிருஷ்ணா. அடுப்படிப் பக்கம் சொல்லுதே. வேணாம்யா, இந்த எடம் ஆகாது."

"அக்கா, நல்ல பையன்க்கா. நாளைக்கி இன்னொரு தடவ கேட்டுப் பாப்பமே."

"ஒரு கேள்விக்கு ஒரு வாக்குத்தான். திருப்பித் திருப்பிக் கேட்டா அது பல்லியில்ல பால்ச்சாமி, நம்ம ஆச."

நான் வெளியே போய், அது பல்லி இல்லை, பேட்டரிக் கட்டை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் போனேன். ஹாலில் கஸ்தூரி அம்மாவின் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் "ராத்திரிக்கு அடை ஊத்தவாண்ணே?" என்றாள். எனக்கு அடை பிடிக்கும். இவள் போய்விட்டால் யார் ஊற்றுவார்கள் என்று அந்த நேரத்தில் தோன்றியது. சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. நினைத்துப் பார்த்தால் சிரிப்பாக இருக்கும்.

அடுத்த மாப்பிள்ளைக்கு நானே செய்தேன். அதற்கடுத்தவனுக்கும் செய்தேன். எல்லாரும் சுமார்தான், ஒருவனுக்குக் குடி, ஒருவனுக்குத் தாயார் சரியில்லை. அண்ணன் விசாரித்து வேண்டாம் என்று சொன்னால் சண்டை வரும், கண்ணீர் வரும். பல்லி சொன்னால் ஒரு வருத்தமும் இல்லை. ஆம்ப்ளிஃபயர் வாங்கும் யோசனையை விட்டேன். வயரையெல்லாம் எலி கடித்துவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா அந்தச் சின்னப் பெட்டியைக் காட்டி, "அதுக்குள்ளதான் பல்லி குடியிருக்கு, யாரும் கழட்டிராதீக" என்றார். பெயிண்ட் அடிக்க வந்தவர்களைக்கூடக் கழற்ற விடவில்லை. அதன் மேலேயே அடித்துவிட்டுப் போனார்கள்.

நிஜப் பல்லிகளும் இருந்தன. அவற்றை நான்தான் ஒவ்வொன்றாக விரட்டினேன். முட்டை ஓடு வைத்தேன், மயிலிறகு செருகினேன், மிஞ்சியதைத் துடைப்பத்தால் ஒதுக்கி வெளியே தள்ளினேன். ஒரு வீட்டில் இரண்டு விதமாக வாக்கு வரக்கூடாது. குழப்பம்தான் மிஞ்சும்.

இவ்வளவும் அம்மாவுக்காகச் செய்தேன் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஆள் வைத்துப் பார்க்கலாமே என்பீர்கள். ஆள் வேறு, பெற்ற பெண் வேறு. கஸ்தூரி தூக்கினால் அம்மா முகம் சுளிக்க மாட்டார். அந்தக் கை வேறு யாருக்கும் வராது.

பிறகு சீனிச்சாமி வந்தார்.

வீரசோழனில் இரும்புக் கடை வைத்திருந்தார். நம் ஆட்கள்தான். பெண் பார்க்க வந்த அன்று அம்மாவை உட்கார வைக்க வேண்டியிருந்தது. கஸ்தூரி ஒரு பக்கம் பிடித்தாள். அவர் சட்டென்று எழுந்து போய் மறுபக்கம் பிடித்தார். வந்த மாப்பிள்ளை எவனும் அப்படிச் செய்ததில்லை. கஸ்தூரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "அத்தைய நெனச்சு நீங்க யோசிக்க வேணாம் அண்ணாச்சி. அவுகளையும் எங்க வீட்லயே வச்சுக்கிருவோம். எங்க ஊர்லயும் டாக்டர் இருக்காக. நீங்க வாரந்தோறும் வந்து பாத்துட்டுப் போங்க."

உள்ளே கட்டிலில் அம்மா அழுதுவிட்டார், சந்தோஷத்தில். பல்லியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அவர் தங்கமான மனிதர், தம்பி. அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் பாருங்கள். அம்மா வீரசோழன் போகிறார், தங்கை வீரசோழன் போகிறாள், அண்ணன்காரன் ராமசுப்பு வாரம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். கடையை அடைத்துவிட்டு இவன் எங்கே போவான், யார் இவனுக்குச் சோறு போடுவார்கள் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் ஆறவில்லை. அம்மாவுக்காக என்று நான் சொல்லிக்கொண்டதெல்லாம் பொய் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அம்மா பல்லியை விட்டாலும் கஸ்தூரி விடவில்லை. அம்மாவிடம் வளர்ந்தவள் அல்லவா. மறுநாள் மதியம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்டுவிட்டு இந்த ரூமில் படுத்திருந்தேன். அவள் ஹாலில் நடுத்தரையில் உட்கார்ந்து, அம்மாவை எழுப்பிவிடாதபடி மெல்லப் பேசினாள். பல்லியிடம் பேசினாள்.

"நான் பெருசா ஒண்ணும் கேக்கல. இந்த எடம் அமையணும். சாமி ரூம் பக்கம் ஒரு தடவ சொல்லு. சொல்லலேன்னாலும் பரவால்ல, நான் தப்பா எடுக்க மாட்டேன். அடுப்படிப் பக்கம் மட்டும் சொல்லிராத."

சும்மா இருந்தாலே போதும் என்று கேட்டாள். நான் ஒன்றுமே செய்யாமல் படுத்திருந்தால் அவள் வீரசோழன் போயிருப்பாள்.

நான் எழுந்து அடுப்படிப் பக்கத்து வயரைத் தொட்டேன்.

அப்புறம் விரலால் தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. "கிருஷ்ணா கிருஷ்ணா." எழுந்து முகம் கழுவிக்கொண்டு இந்தக் கதவருகே வந்தாள். "அண்ணே, முழிச்சிருக்கியா, காப்பி போடவா?" என்றாள். போடு என்றேன். நன்றாகத்தான் போட்டிருந்தாள்.

சீனிச்சாமிக்கு அவளே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டிருக்கிறார். சொல்லியிருக்கிறாள். அவர் சிரிக்கவில்லையாம், கோபப்படவும் இல்லையாம். அதை அவள் என்னிடம் சொன்னபோது குரல் மாறிவிட்டது. நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.

அம்மா அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. அம்மா போனதும் வீட்டில் நானும் அவளும்தான். உண்மையைச் சொன்னால் அது நல்ல காலம். மாப்பிள்ளைப் பேச்சு நின்றுவிட்டது. கடைவிட்டு வந்தால் சுடு தண்ணீர், சோறு, துவைத்த வேட்டி. அவள் அதிகம் பேச மாட்டாள். எனக்கும் பேச்சு வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அவளுக்கு வயிற்று வலி வந்தது. மதுரையில் காட்டினோம். கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். மாசி மாதம் அது. நீங்கள் வத்தல் வியாபாரத்தில் இல்லை, உங்களுக்குத் தெரியாது. திருச்சுழிப் பக்கமிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் லோடு லோடாக வத்தல் வந்து இறங்குகிற நேரம். நான் கடையில் நிற்காவிட்டால் அந்த வருஷமே போயிற்று. ஒரு மாதம் பொறுத்துப் போகலாம் என்று அவளிடம் நேரே சொல்லியிருக்கலாம். தங்கை உயிரைவிட வத்தல் பெரிதா என்று நாலு பேர் கேட்பார்கள். அன்று அவள் ஹாலில் நின்று "நாளைக்கி மதுரைக்குப் பொறப்படட்டுமா?" என்று கேட்டாள். பல்லியிடம்தான் கேட்டாள். நான் இங்கே இருந்தேன்.

ஒரு மாதம் தள்ளிப்போடத்தான் தொட்டேன், தம்பி. அதற்கு மேல் என் மனதில் ஒன்றும் இல்லை.

பங்குனியில் வத்தல் வரத்து குறைந்தது. "பொறப்படு கஸ்தூரி, மதுரைக்குப் போவோம்" என்றேன். அவள் வரவில்லை.

"ஆகாதுன்னு சொல்லிருச்சேண்ணே."

நான் இங்கே வந்து சாமி ரூம் பக்கத்து வயரைத் தொட்டேன். "பாத்தியா, இப்ப நல்ல பக்கம் சொல்லுது" என்று வெளியே போய்ச் சொன்னேன். அவள் தரையைத் தட்டிவிட்டு, "அது வேற எதுக்கோ சொல்லுது. ஒரு கேள்விக்கு ஒரு வாக்குத்தான். அம்மா சொல்லும்ல" என்றாள். மறுநாளும் தொட்டேன். அதற்கு மறுநாளும் தொட்டேன். கை வலிக்கும்வரை தொட்டேன். அவள் ஒவ்வொரு தடவையும் தரையைத் தட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். கெஞ்சினேன். சத்தம் போட்டேன். சொந்தக்காரர்களை வரவழைத்துப் பேச வைத்தேன். டாக்டர் போனில் என்னைத் திட்டினார். அவள் இளைத்துக்கொண்டே போனாள்.

ஒருநாள் அம்மாவின் கட்டிலில் சாய்ந்திருந்தவள் மேலே அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் இருக்க மாட்டேன்னு அதுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குண்ணே. அதான் அவுகள வேணாம்னு சொல்லிருக்கு. கட்டியிருந்தா இந்நேரம் அவுக கெடந்து அல்லாடணும். பாவம், தப்பிச்சாக." சொல்லிவிட்டுச் சிரித்தாள். இத்தனை வருஷமாக அவள் மனதில் இருந்த ஏதோ ஒன்று அன்று ஆறிவிட்ட மாதிரி இருந்தது.

அந்த நிம்மதியை நான் எப்படிக் கெடுப்பேன். அதனால்தான் சொல்லவில்லை என்று நான் உங்களிடம் சொல்லலாம். நம்பியிருப்பீர்கள்.

ஆனால் மறைத்து விற்பதில்லை என்று சொன்னேன் அல்லவா. இந்தக் கதவைத் திறந்து, அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து, அந்த ஸ்டூலில் உட்கார வைத்து, இந்தப் பேட்டரிக் கட்டையைக் காட்டியிருந்தால் போதும். பல்லி இல்லை என்று தெரிந்திருந்தால் அன்று மதியமே மதுரைக்குக் கார் ஏறியிருப்பாள். பிழைத்திருப்பாள். பிழைத்த பிறகு என்னைப் பார்ப்பாளே, அந்தப் பார்வையை நினைத்துப் பயந்தேன். அவள் செத்தால் எனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்றாவது மிஞ்சும். தெரிந்துகொண்டு பிழைத்தால் அதுவும் மிஞ்சாது. நான் இந்தத் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றிருக்கிறேன். பல தடவை நின்றிருக்கிறேன். திறக்கவில்லை. அவளைக் கொன்றது நான்தான்.

துட்டி விசாரிக்க ஊரே வந்தது. "தங்கச்சிக்காக கல்யாணமே வேணாம்னு இருந்த மனுசன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சீனிச்சாமியும் வந்திருந்தார், மனைவியோடு. மாலை போட்டுவிட்டு என்னிடம் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மரியாதை தெரியாத ஆள்.

எழுந்துவிட்டீர்களே. இதை யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? எந்த ஸ்டேஷனில் பல்லி கொன்றது என்று எழுதிக்கொள்வார்கள்? குமாரலிங்கபுரம் பக்கம் ஜவுளிப் பூங்கா வரும், வேலை வரும் என்று நம்பி இந்த ஊரில் வீடு தேடி வந்தவர் நீங்கள். இந்த வீடு உங்களுக்கு அமைந்திருக்கிறது. போன வாரம் உங்கள் வீட்டம்மா ஹாலில் நின்று "இந்த வீட்டையே முடிச்சிருவமாங்க" என்று உங்களிடம் கேட்டபோது, சாமி ரூம் பக்கம் பல்லி சொல்லியது. அவர் தரையைத் தட்டினார். நீங்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டினீர்கள். நான் அப்போது இந்த ரூமில் சாமான் ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

ஸ்பீக்கர், வயர் எல்லாம் உங்களுக்கே இருக்கட்டும். பதித்தது வீட்டோடு இருக்க வேண்டும். இந்த இரண்டு வயரின் முனையும், பேட்டரிக் கட்டையும் மட்டும் நான் சாவி கொடுக்கிற நாள்வரை இப்படியே இருக்கட்டும். எனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. தினமும் கடைக்குக் கிளம்பும் முன் இங்கே வந்து நின்று வாய்விட்டுக் கேட்பேன். இன்றைக்கு இன்னும் கேட்கவில்லை. நீங்களும் இருங்கள்.

கஸ்தூரி, நீ போனதுக்கு அண்ணன் காரணமில்லதானே?

கேட்டதா, தம்பி? சாமி ரூம் பக்கம். கிருஷ்ணா கிருஷ்ணா. அவள் போன நாளிலிருந்து கேட்கிறேன், இதுவரை ஒரு நாள்கூட அது அடுப்படிப் பக்கம் சொன்னதில்லை.